நெற்றியில் ஒட்டுகிற சென்சார் குழந்தையின் மூளையைக் காப்பாற்றுமா?

வாசகர் கேள்வி, ஜூன் 2

எங்கள் மகளுக்கு ஐந்து மாதம். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, விஎஸ்டி என்றார்கள். அடுத்த வாரம் ஆபரேஷன். மயக்க மருத்துவர் பேசும்போது, நெற்றியில் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டி மூளையையும் பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார். இதயத்தில்தானே ஆபரேஷன், மூளையை எதற்குப் பார்க்க வேண்டும் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து அதே நினைப்பு. அந்த ஸ்டிக்கர் இருந்தால் மூளைக்கு எதுவும் ஆகாது, அது இல்லாத இடத்தில்தான் பயம் என்கிறார் ஒரு சொந்தக்காரர். உண்மையா? இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு

நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். இதய நுரையீரல் இயந்திரத்தை, நாங்கள் பம்ப் என்று சொல்வோம், இயக்குகிற பெர்ஃப்யூஷனிஸ்ட். பத்தொன்பது வருடம், பெரும்பாலும் குழந்தைகள்.

சொந்தக்காரர் சொன்னது பாதிதான் சரி. ஸ்டிக்கர் எதையும் தடுக்காது, காட்டும். காட்டியதைப் பார்த்து ஒருவர் ஏதாவது செய்தால்தான் பலன்.

மூளையை ஏன் பார்க்கிறார்கள் என்றால், இதயத்தைத் திறந்து ஓட்டையை அடைக்கும் நேரத்தில் இதயம் நின்றிருக்கும், உடம்பு முழுக்க ரத்தம் அனுப்புவது பம்ப். மற்ற உறுப்புகள் சில நிமிடக் குறையைப் பொறுத்துக்கொள்ளும், மூளை பொறுக்காது. ஆனால் மயக்கத்தில் இருக்கிற குழந்தை கையைக் காலை அசைக்காது, அழாது. ரத்த அழுத்தம், சிறுநீர், ரத்த வாயுப் பரிசோதனை எல்லாம் உடம்பின் கதையைச் சொல்லும், தலைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லாது. அந்த இடைவெளியில்தான் ஸ்டிக்கர் வருகிறது. அதற்குள் இருக்கிற விளக்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நெற்றி வழியாக உள்ளே அனுப்பும். ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினும் இறக்கிய ஹீமோகுளோபினும் அந்த ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சும், திரும்பி வருகிற ஒளியை வைத்து அந்தத் திசுவின் ரத்தத்தில் எத்தனை சதவீத ஹீமோகுளோபின் ஆக்சிஜன் ஏற்றியிருக்கிறது என்று திரையில் எண் வரும். இந்த ஒளி மண்டையோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பும் என்று 1977-இல் ஃபிரான்ஸ் யோப்சிஸ் காட்டினார். நாங்கள் இதை நிர்ஸ் என்போம்.

ஒன்று சொல்கிறேன். எட்டு மாதக் குழந்தை, உங்கள் மகளுக்கு இருப்பது போன்ற ஓட்டைதான். பம்பில் ஏற்றி, தலையிலிருந்து ரத்தம் இறங்குகிற மேற்பெருஞ்சிரையில் போட்ட கேனுலாவை, அதாவது ரத்தம் பம்புக்குப் போகிற குழாயை, சுற்றி நாடாவை இறுக்கியதும் நிர்ஸ் எண் 70-லிருந்து இறங்க ஆரம்பித்தது. இரண்டு நிமிடத்தில் 46. அழுத்தம் சரியாக இருக்கிறது, பம்பின் ஓட்டம் சரியாக இருக்கிறது. கேனுலாவின் முனை சிரையின் சுவரில் ஒட்டியிருந்தது, தலையிலிருந்து இறங்க வேண்டிய ரத்தம் இறங்க வழியில்லாமல் மூளையிலேயே தேங்கி நின்றது. சர்ஜன் கேனுலாவை அரை சென்டிமீட்டர் வெளியே இழுத்தார், எண் ஏறிவிட்டது. அன்றைக்கு அந்த ஸ்டிக்கர்தான் காப்பாற்றியது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஜூன் 2, நள்ளிரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு நீங்கள் பயந்துவிடக் கூடாது. விஎஸ்டி அடைக்கும்போது வழக்கமாக மூளைக்கு ரத்த ஓட்டத்தை நிறுத்துவதே இல்லை. உடம்பைக் கொஞ்சம் குளிர வைப்பார்கள், அவ்வளவுதான், பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். இனி நான் இங்கே எழுதப்போவதில் சில விஷயங்கள் பெருந்தமனி வளைவைச் சரிசெய்கிற, ஒற்றைக் கீழறையோடு பிறந்த குழந்தைகளுக்குச் செய்கிற பெரிய ஆபரேஷன்களைப் பற்றியவை. அவற்றை உங்கள் மகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம்.

ஜூன் 3

எந்த எண் சரியான எண் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரே எண் கிடையாது. இதயம் சரியாக இருக்கிற குழந்தைக்கு 60 முதல் 80 வரை இருக்கும். இதயக் கோளாறால் ஆக்சிஜன் குறைந்து நீலம் பாய்ந்த குழந்தை 45-இல் படுத்திருக்கும், அதற்கு அதுதான் இயல்பு. அதனால் மயக்கம் கொடுக்கும் முன்போ கொடுத்த உடனேயோ அந்தக் குழந்தையின் சொந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வோம், அதிலிருந்து 20 சதவீதம் இறங்கினால் எல்லோரும் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பது வழக்கம்.

இறங்கினால் என்ன செய்வோம்? முதலில் தலை. கழுத்து ஒரு பக்கம் திரும்பிக் கிடக்கிறதா என்று துணிக்கடியில் கைவிட்டுப் பார்ப்பார் மயக்க மருத்துவர். நம்ப மாட்டீர்கள், பல நேரம் அதுதான். அப்புறம் கேனுலாக்கள். ஒரு பக்கம் மட்டும் எண் இறங்கினால் பெருந்தமனிக் கேனுலாவின் முனை கிளைத் தமனிக்குள் நுழைந்துவிட்டதா என்று யோசிக்க வேண்டும், ஒரு பக்க மூளைக்கு வெள்ளம், மறுபக்கத்துக்கு வறட்சி என்று ஆகிவிடும். இரண்டு பக்கமும் ஸ்டிக்கர் ஒட்டுவதன் காரணமே இதுதான். அப்புறம் பம்ப் ஓட்டம், அழுத்தம், ரத்தத்தின் அடர்த்தி. அப்புறம் கார்பன் டை ஆக்சைடு.

இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். நுரையீரல் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று வென்டிலேட்டரை வேகமாகத் தட்டிவிடுவார்கள், நுரையீரலுக்கு நல்லது, மூளை பட்டினி கிடக்கும். எண் இறங்கும், ஏன் என்று யாருக்கும் புரியாது. மூச்சின் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்தாலே சில குழந்தைகளுக்கு எண் ஏறிவிடும்.

இன்னொன்று. ஸ்டிக்கர் பார்ப்பது நெற்றிக்குப் பின்னால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும். பின்மூளை, நடுவில் இருக்கிற ஆழமான பகுதிகள், குழந்தைகளுக்கு அதிகமாகக் காயம் படுகிற வெண்பொருள் (மூளையின் பகுதிகளை இணைக்கிற நரம்பு இழைகள்), எதுவும் அதற்குத் தெரியாது. வாசலில் நின்று வீட்டுக்குள் எல்லோரும் நலமா என்று கேட்பது போலத்தான்.

ஜூன் 4

குளிர வைப்பது பற்றிக் கேட்டவருக்கு, கொஞ்சம் நீளமாக.

உடல் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் மூளையின் ஆக்சிஜன் தேவை சுமார் 6, 7 சதவீதம் குறையும். இந்த எண்ணத்தை வில்ஃபிரட் பிகலோ 1950-ஐ ஒட்டி டொராண்டோவில் விலங்குகளில் சோதித்தார். 1952 செப்டம்பர் 2-ஆம் தேதி மினசோட்டாவில் ஜான் லூயிஸ் ஐந்து வயதுச் சிறுமியை 28 டிகிரி வரை குளிர வைத்து, ரத்த ஓட்டத்தை ஐந்தரை நிமிடம் நிறுத்தி, இதயத்தின் மேலறை ஓட்டையைத் தைத்தார். பம்ப் இல்லை, குளிர் மட்டும். அந்த ஐந்தரை நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும்.

இப்போது பம்பை வைத்தே 18 டிகிரி வரை கொண்டுபோக முடியும். அந்தக் குளிரில் மூளையின் தேவை மிகவும் குறைந்துவிடும். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற இஇஜி வைத்திருந்தால் அலைகள் விட்டுவிட்டு வந்து, பிறகு முழுக்கத் தட்டையாகும். நிர்ஸ் எண் 90-க்கு மேல் ஏறும், புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறது, மூளை எடுத்துக்கொள்ளவில்லை, அதனால் வந்த எண் அது. குளிர வைப்பதையும் அவசரப்படாமல் குறைந்தது இருபது நிமிடமாவது செய்ய வேண்டும், இல்லையென்றால் வெப்பமானி குளிர்ந்துவிட்டது என்று சொல்லும்போது மூளையின் சில பகுதிகள் இன்னும் சூடாகவே இருக்கும். தலையைச் சுற்றி ஐஸ் பையும் வைப்போம்.

அப்புறம் பம்பை நிறுத்துவோம்.

நிறுத்துவது என் கை. குழந்தையின் ரத்தம் முழுக்க இயந்திரத்தின் தொட்டிக்கு வடிந்துவிடும், ஆபரேஷன் களம் சுத்தமாகிவிடும், கேனுலாவைக் கூட எடுத்துவிடுவார்கள். அதுவரை இரைந்துகொண்டிருந்த உருளைகள் நின்றதும் அறையில் ஓர் அமைதி வரும். நிமிடங்களைச் சத்தமாகச் சொல்வது என் வேலை. பத்து. பதினைந்து. இருபது. இருபதுக்குப் பிறகு ஒவ்வோர் இரண்டு நிமிடத்துக்கும் சொல்வேன். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், சர்ஜனின் கை மட்டும் வேகமாகும். நிர்ஸ் வளைவு மெதுவாக இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் தட்டையாகும், எடுக்க வேண்டிய ஆக்சிஜனை மூளை எடுத்து முடித்துவிட்டது என்று அதற்குப் பொருள். அந்தத் தட்டையைப் பார்த்த பிறகு ஒவ்வொரு நிமிடமும் நீளம். 40 நிமிடம் வரை பாதுகாப்பு என்பார்கள்.

ஜூன் 4, மாலை

அந்தக் கடைசி வரியைத் திருத்துகிறேன். 40 நிமிடம் என்பது கோடு போட்டு வைத்த எல்லை இல்லை. பாஸ்டனில் 1988 முதல் 1992 வரை, பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறந்த 171 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள், ஒரு பிரிவில் பெரும்பாலும் ரத்த ஓட்டத்தை முழுக்க நிறுத்தினார்கள், மறுபிரிவில் மெதுவாக ஓடவிட்டார்கள். நிறுத்திய பிரிவில் வலிப்பு அதிகம், ஒரு வயதில் உடல் இயக்கத் திறன் குறைவு. எட்டு வயதில் பார்த்தபோது, சுமார் 41 நிமிடத்துக்கு மேல் நிறுத்தியவர்களுக்குத்தான் மதிப்பெண்கள் இறங்கத் தொடங்கின. ஆனால் அந்த 41 ஒரு கணக்கு மதிப்பீடு, அதன் கீழ் எல்லை 32 நிமிடம் வரை போகிறது. அதாவது 35-ஆவது நிமிடத்தில் இருக்கிறவர் நிம்மதியாக இருக்கக் கூடாது. நாங்கள் 40 என்று சொல்லிப் பழகியதால் அது ஏதோ இயற்கையின் விதி போல ஆகிவிட்டது.

ஜூன் 5

பம்ப் வருவதற்கு முன் எப்படிச் செய்தார்கள் என்று ஒருவர் கேட்டதால் சற்று விலகிப் போகிறேன். 1954 மார்ச் 26-ஆம் தேதி மினசோட்டாவில் வால்டன் லில்லஹை, விஎஸ்டி இருந்த ஒரு வயதுப் பையனின் ரத்தக் குழாய்களை அவன் அப்பாவின் ரத்தக் குழாய்களோடு இணைத்தார். அப்பா பக்கத்து மேசையில் படுத்திருந்தார். அவருடைய இதயமும் நுரையீரலும்தான் மகனின் மூளைக்கு ரத்தம் கொடுத்தன. இதே முறையில் செய்த 45 பேரில் 28 பேர் வீடு திரும்பினார்கள். நான் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அன்றைக்கு ஒரு தகப்பன் படுத்திருந்தார் என்பதை ஒவ்வொரு மாணவருக்கும் முதல் நாளே சொல்வேன். பம்ப் ஓட்டத்தை வெறும் எண்ணாகப் பார்க்காமல் இருக்க அது உதவுகிறது.

ஜூன் 6

மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததை எழுதுகிறேன்.

வருடங்களுக்கு முன் ஒரு பச்சிளங்குழந்தை, பிறந்து ஒன்பதாம் நாள், பெருந்தமனி வளைவு சரிசெய்யும் ஆபரேஷன். பம்பை நிறுத்தினோம். நான் நாற்பது என்று சொன்னேன், நாற்பத்திரண்டு என்று சொன்னேன், தையல் முடியவில்லை. நாற்பத்தேழில் மறுபடி ஓடவிட்டேன். குழந்தை நன்றாகத் தேறி மூன்று வாரத்தில் வீட்டுக்குப் போனான். எல்லோருக்கும் மகிழ்ச்சி.

ஏழு வயதில் இதயப் பரிசோதனைக்கு வந்திருந்தான். நடைபாதையில் அவன் அம்மா என்னை அடையாளம் கண்டு நிறுத்தினார். ஸ்கூலில் எழுத மாட்டேன் என்கிறான், பட்டன் போடத் தெரியவில்லை, ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், டீச்சர் சோம்பேறி என்கிறார், நாங்களும் அடித்துவிட்டோம் என்று சொன்னார். இதயம் அழகாக இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மூளை வளர்ச்சியைப் பார்க்க வேண்டும் என்று ஏழு வருடத்தில் ஒருவரும் அவர்களிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்வது என் வேலை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தூங்கவில்லை. 47 என்ற எண் தலைக்குள் ஓடியது. நான்தான் அந்த நிமிடங்களை எண்ணியவன். பல வருடம் அந்த 47-தான் அவனை அப்படி ஆக்கிவிட்டது என்று நம்பினேன்.

இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அதே பாஸ்டன் குழந்தைகளை 16 வயதில் மறுபடி பார்த்தார்கள். இரண்டு பிரிவுக்கும் நடுவே வித்தியாசம் அநேகமாக இல்லை. ஓட்டத்தை நிறுத்தியவர்களும் நிறுத்தாதவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தார்கள், ஆனால் இரண்டு பிரிவிலும் சேர்த்து 65 சதவீதம் பேர் படிப்பிலோ நடத்தையிலோ ஏதாவது ஒரு கூடுதல் உதவி பெற்றிருந்தார்கள். அறிவுத்திறன் பெரும்பாலும் சராசரியை ஒட்டியே இருந்தது. தடுமாறியது கவனம், திட்டமிடுதல், இடம் அறிந்து செய்கிற வேலை, மற்றவர் மனதைப் புரிந்துகொள்வது போன்றவற்றில். அதைப் படித்தபோது எனக்கு ஆறுதலும் வந்தது, பயமும் வந்தது. என் நிமிடங்கள் மட்டும் காரணம் இல்லை என்பது ஆறுதல். அப்படியானால் நிமிடத்தைக் குறைத்ததோடு நாங்கள் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோமே என்பது பயம்.

ஜூன் 6, இரவு

அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு: பையனுக்கு ஆக்குபேஷனல் தெரபியும் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிற பயிற்சி) எழுத்துப் பயிற்சியும் ஆரம்பித்தார்கள். எழுதுகிறான், மெதுவாக. சோம்பேறி என்று இப்போது யாரும் சொல்வதில்லை என்று அவன் அம்மா சொன்னார். அடித்ததைப் பற்றி அவர் அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

ஜூன் 7

அப்படியானால் காயம் எப்போது படுகிறது, இதுதான் கேள்வி. பதில் என்னைப் போன்றவர்களுக்கு முதலில் பிடிக்காமல் இருந்தது. பெரிய இதயக் கோளாறோடு பிறந்த குழந்தைகளுக்கு ஆபரேஷனுக்கு முன்பே எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால், கணிசமானவர்களுக்கு வெண்பொருளில் காயமோ சிறு பக்கவாதமோ ஏற்கெனவே இருக்கிறது. மாதம் நிறைந்து பிறந்தாலும் அவர்கள் மூளையின் முதிர்ச்சி சுமார் ஒரு மாதம் பின்தங்கி, குறைமாதக் குழந்தையின் மூளை போல இருக்கிறது. கருவிலேயே, கடைசி மூன்று மாதத்தில், மூளைக்குப் போகிற ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவாக இருப்பது ஒரு காரணம். சில குழந்தைகளுக்கு இதயக் கோளாறுக்கும் மூளை வளர்ச்சிக்கும் ஒரே மரபணு காரணமாக இருக்கலாம். ஆக, மேசைக்கு வரும்போதே இளசான, சீக்கிரம் அடிபடுகிற மூளையோடுதான் வருகிறார்கள். அதனால் பம்பில் நாம் கவனமாக இருக்க வேண்டியதில்லை என்று ஆகிவிடாது, இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும் என்றுதான் ஆகிறது.

ஒருவர் கேட்டார்: நிறுத்தாமல் மூளைக்கு மட்டும் தனியாக ரத்தம் அனுப்ப முடியாதா? முடியும், செய்கிறோம், வலது பக்கம் தலைக்குப் போகிற தமனி வழியாக. எனக்கும் மனதுக்கு அதுதான் பிடிக்கும், அறையில் அந்த அமைதி வராது. ஆனால் ஒற்றைக் கீழறைக் குழந்தைகளில் இரண்டு முறைகளையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட மிச்சிகன் ஆய்வில், 2007-இல் வந்தது, ஒரு வயதில் வளர்ச்சி மேம்படவில்லை. மனதுக்குப் பிடித்திருப்பதும் குழந்தைக்கு நல்லதாக இருப்பதும் ஒன்றல்ல என்று அப்போது கற்றுக்கொண்டேன்.

தெளிவாகப் பலன் தந்தவை பார்க்கச் சாதாரணமானவை. ரத்தத்தை அதிகம் நீர்க்க விடாதது ஒன்று. மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே கால் லிட்டர் ரத்தம்தான், பம்பின் குழாய்களை நிரப்பவே ஏறக்குறைய அதே அளவு திரவம் வேண்டும். நீர்த்த ரத்தம் குளிரில் நன்றாக ஓடும் என்று ஹிமடோக்ரிட்டை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதத்தை, 20 வரை இறங்க விட்டார்கள் அந்தக் காலத்தில். 2003-இல் பாஸ்டனில் 20-ஐயும் 30-ஐயும் ஒப்பிட்டார்கள், 20-இல் இருந்த குழந்தைகள் ஒரு வயதில் இயக்கத் திறனில் பின்தங்கினார்கள். பிறகு 25-ஐயும் 35-ஐயும் ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே 25-க்குக் கீழே விடாதே என்பதுதான் நான் வைத்திருக்கிற பாடம். குழாய்களைச் சின்னதாக்கி, பம்பைக் குழந்தைக்கு எவ்வளவு பக்கத்தில் நகர்த்த முடியுமோ அவ்வளவு நகர்த்தி, ஒவ்வொரு 10 மில்லியையும் குறைக்கப் பார்ப்பேன்.

ஜூன் 8

முதல் நாள் எழுதிய கேனுலா கதையைத் திருத்த வேண்டியிருக்கிறது.

என்னோடு அன்றைக்கு இருந்த மயக்க மருத்துவரிடம் இந்தக் கேள்வி பதில் இழையைப் பற்றிப் பேசினேன். அவர் நினைவு வேறாக இருந்தது. எண் இறங்குவதற்கு முன்பே பம்பின் தொட்டியில் ரத்த மட்டம் இறங்கியது, நான் பார்த்தேன், சர்ஜன் இதயத்தைத் தூக்கிப் பிடித்திருப்பதால் என்று விட்டுவிட்டேன். குழந்தையின் முகம் கொஞ்சம் உப்பிக் கறுத்திருந்ததை அவர் துணிக்கடியில் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றும் சேர்ந்த பிறகுதான் அவர் கேனுலாவைப் பாருங்கள் என்று குரல் கொடுத்தார். அவர் சொன்னதும் எனக்கும் நினைவு வந்தது. ஆகவே ஸ்டிக்கர்தான் காப்பாற்றியது என்று நான் எழுதியது சரியில்லை. தொட்டி மட்டத்தை நான் மதித்திருந்தால் ஒரு நிமிடம் முன்பே பிடித்திருக்கலாம். ஸ்டிக்கர் இருந்ததால் தொட்டியைப் பார்ப்பதில் மெத்தனமாக இருந்தேனா என்று கூட யோசிக்கிறேன். இப்போது நாடா இறுக்கும்போது மட்டத்தை மில்லிலிட்டரில் சத்தமாகச் சொல்கிறேன்.

இதோடு தொடர்புடைய இன்னொன்று. நிர்ஸ் எண்ணைப் பார்த்து உடனுக்குடன் திருத்தினால் குழந்தையின் எதிர்காலம் மேம்படும் என்று குழந்தைகள் இதய ஆபரேஷனில் உறுதியாக நிறுவிய பெரிய ஆய்வு இதுவரை இல்லை. வேறொரு குழுவில், மிகவும் குறைமாதத்தில் பிறந்த 1,601 குழந்தைகளில், செய்து பார்த்தார்கள், முடிவு 2023-இல் வந்தது. முதல் மூன்று நாள் எண்ணைப் பார்த்துச் சிகிச்சை கொடுத்தும் இறப்போ கடுமையான மூளைக் காயமோ குறையவில்லை. அது இதய ஆபரேஷன் இல்லை, அப்படியே இங்கே பொருத்த முடியாது. நான் நாளைக்கும் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்வேன், கேனுலா அடைபட்டால் அதைக் காட்ட இன்னொரு கண் வேண்டும். ஆனால் ஸ்டிக்கர் இருக்கிற இடம் நல்ல இடம், இல்லாத இடம் மோசமான இடம் என்று பிரிக்க மாட்டேன்.

ஜூன் 9

ஆபரேஷன் அறையை விட்டு வெளியே வந்த பிறகு என்ன என்று யாருமே கேட்கவில்லை, ஆச்சரியம்தான். எனக்கு அதுதான் இப்போது முக்கியமாகப் படுகிறது.

முதலில் வெப்பம். குளிர்ந்த மூளையை மறுபடி சூடாக்கும்போது மெதுவாகச் செய்ய வேண்டும், 37-ஐத் தாண்டவே கூடாது. ஐசியுவில் முதல் இரவு காய்ச்சல் வந்தால் அதைச் சாதாரணக் காய்ச்சலாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏற்கெனவே அடிபட்டிருக்கக்கூடிய மூளைக்கு ஒரு டிகிரி கூட பாரம். அடுத்து, பம்பிலிருந்து இறங்கிய முதல் அரை நாளில் இதயம் தளர்கிற நேரம் ஒன்று வரும். அறையில் இருந்தபோது பத்துப் பேர் பார்த்த குழந்தையை அப்போது ஒரு நர்ஸ் பார்த்துக்கொண்டிருப்பார், அவர் கண்தான் எல்லாம். ஸ்டிக்கரை அறையிலேயே பிய்த்து எறியாமல் ஐசியுவிலும் வைத்திருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

அப்புறம் வலிப்பு. ஆபரேஷனுக்குப் பிறகு பச்சிளங்குழந்தைகளுக்கு வருகிற வலிப்பில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாது, கை கால் வெட்டாது. 161 பச்சிளங்குழந்தைகளுக்குத் தொடர்ந்து இஇஜி எடுத்த ஓர் ஆய்வில் 13 பேருக்கு வலிப்பு, அதில் 11 பேருக்கு இஇஜி இல்லாமல் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. வலிப்பை அடக்கும் மருந்தால் எதிர்காலம் எவ்வளவு மாறும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் தலைக்குள் என்னவோ நடந்திருக்கிறது, இந்தக் குழந்தையை விடாமல் கவனி என்று அது நமக்குச் சொல்கிறது.

கொஞ்சம் லேசான விஷயமும் சொல்கிறேன். போன வருடம் ஆறு வயதுப் பையன் ஒருவன், மயக்கத்துக்கு முன் ஸ்டிக்கர் ஒட்டும்போது, இதில் நான் நினைப்பதெல்லாம் தெரியுமா என்று கேட்டான். தெரியாது, உன் மூளைக்குச் சாப்பாடு போகிறதா என்று மட்டும் தெரியும் என்றேன். அப்படியென்றால் சரி என்று கண்ணை மூடிக்கொண்டான். அதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ஜூன் 10

நாளைக்கு உங்கள் மகளுக்கு. என்ன கேட்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். கருவியின் பெயரைக் கேட்டு யாரையும் சோதிக்க வேண்டாம். ஐசியுவில் ஒரு நர்ஸ் எத்தனை குழந்தைகளைப் பார்ப்பார் என்று கேளுங்கள். வளர்ச்சிப் பரிசோதனை யார் செய்வார், எந்த மாதத்தில் வர வேண்டும் என்று கேளுங்கள். அமெரிக்க இதயக் கழகம் 2012-லேயே சொல்லிவிட்டது, கைக்குழந்தை வயதில் இதயத்தைத் திறந்து ஆபரேஷன் செய்த எல்லாக் குழந்தைகளையும், விஎஸ்டி உட்பட, வளர்ச்சிக்காகத் தனியாகப் பின்தொடர வேண்டும் என்று. பெரும்பாலான விஎஸ்டி குழந்தைகள் நன்றாகவே வளர்வார்கள். நன்றாக இருக்கிறாள் என்று ஒருவர் பார்த்துச் சொல்வதற்கும், நன்றாகத்தான் இருப்பாள் என்று எல்லோரும் விட்டுவிடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதை அந்தப் பையனின் அம்மாவிடம் கற்றேன்.

நிம்மதியாகத் தூங்குங்கள் என்று சொன்னால் தூங்க மாட்டீர்கள், தெரியும். காலையில் அவளைக் கொடுக்கும்போது தலையைத் தடவிக் கொடுங்கள்.

ஜூன் 13

உங்கள் செய்தி பார்த்தேன். மூச்சுக்குழாய் அன்றைக்கு இரவே எடுத்துவிட்டார்கள், பால் குடிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு முறை படித்தேன்.

நெற்றியில் இரண்டு பக்கமும் சிவப்பாகச் சதுரத் தடம் இருக்கிறது, சூடு பட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அது ஸ்டிக்கரின் பசையும் அழுத்தமும்தான், பெரும்பாலும் ஓரிரு நாளில் மறைந்துவிடும். கொப்பளமோ புண்ணோ இருந்தால் மட்டும் நர்ஸிடம் காட்டுங்கள். எண்ணெய் தடவித் தேய்க்க வேண்டாம்.

கிளம்பும்போது தருகிற சுருக்கத்தில் பம்ப் நேரமும் கிளாம்ப் நேரமும் (பெருந்தமனியை இடுக்கி போட்டு மூடியிருந்த நேரம்) எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்கி, தடுப்பூசி அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த வரியை என் கையாலேயே எழுதிக் கொடுக்கிறேன், அதன் கீழே வளர்ச்சிப் பரிசோதனைக்கு வர வேண்டிய மாதத்தையும். உங்களுக்கு எந்த மாதம் கொடுத்தார்கள்?